மூச்சு விடாத விமான நிலையம்

உலக மக்களே, வானத்துப் பறவைகளே, இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகளே, கேளுங்கள்! ஏந்தல்குடி பன்னாட்டு விமான நிலையம் இன்று முதல் மூச்சு விடுவதில்லை. கரியமில வாயு என்னும் கொடும் பகைவன் இவ்வளாகத்தின் பச்சைக் கோட்டுக்கு உட்புறம் பூண்டோடு ஒழிக்கப்பட்டான். மானுட வரலாற்றில்...

அதற்குமேல் வில்வநாதனுக்கு ஓடவில்லை. ‘மானுட வரலாற்றில்’ என்ற சொற்கள் கட்டாயம் வரவேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மானுட வரலாற்றில் அப்படி என்ன நடந்துவிட்டது என்பதை மட்டும் வில்வநாதனின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்.

வில்வநாதன் அந்த நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோடு அவருக்கு இருந்த தொடர்பு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அறிவிப்பு எழுதுவதோடு சரி. அதில் அவர் கெட்டிக்காரர். பயணிகளை விமானம் கிளம்பும்வரை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிறுத்துவது என்று முடிவானபோது அதற்கு ‘திறந்தவெளி வரவேற்பு’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். கழிப்பறைகளை, நிலையத்தின் எல்லையாகத் தரையில் போட்டிருந்த பச்சைக் கோட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டுபோய் வைத்தபோது அது ‘நடைப்பயிற்சி ஊக்குவிப்பு’ ஆயிற்று. மின்சாரம் போதாமல் ஓர் அறையின் குளிர்சாதனத்தை நிறுத்தினால், அந்த அறை ‘ஓய்வெடுக்கிறது’. நல்ல சொற்கள். யாருக்கும் வலிக்காதவை. குறைந்தபட்சம், எழுதியவருக்கு வலித்ததில்லை.

அன்று ஆய்வுக்குழு வந்திருந்தது. ‘பூஜ்ய நிலையம்’ என்ற சான்றிதழைக் கொடுக்கும் குழு. காலையிலேயே தங்கள் சொந்த விமானத்தில் வந்திறங்கி, மாநாட்டுக் கூடத்தில் சால்வைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் குளிர் அப்படி. அந்தக் கூடம் ‘ஆய்வுக் கருவி’ என்ற தலைப்பில் வருவதால் அதன் மின்சாரம் கணக்கில் சேராது.

வில்வநாதன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சரக்கு வாசலிலிருந்து காவலர் கூப்பிட்டார்.

“சார், ஒரு வேன் நெறையா ஆளுக. போகமாட்டேங்குறாக. நீங்கதான் பேசத் தெரிஞ்சவர்னு...”

*

சரக்கு வாசலில் நிழல் கிடையாது. நிழற்குடையின் மேல் சூரியத் தகடு பதித்திருந்தார்கள்; தகடு சூடேறி, கீழே நிற்பவர்களைக் கூடுதலாக வாட்டியது. ஆகவே எல்லோரும் குடைக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். எட்டுப் பேர். ஆண்கள் கையில் மாலைகள் வாடிக்கொண்டிருந்தன. முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் அழவில்லை. பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவுக எங்க மதினி, காளீஸ்வரி. எங்கண்ணன் சேதுராசு பாடி வந்திருக்கு சார், குவைத்துலருந்து” என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன். பெயர் முத்திருளன். “கிரேன்ல வேல. ஏறுனவரு எறங்கல. நெஞ்சு நின்னுபோச்சுன்னாக. பொட்டிய வாங்கிட்டுப் போகணும். உள்ள விடமாட்டேங்குறாக.”

“ஏன்னு சொன்னாங்களா?” என்றார் வில்வநாதன்.

“இந்தாருக்குல்ல தூணு, இதுதான் பேசுது. மூச்சு தீந்துபோச்சாம். யாரு மூச்சுன்னு கேட்டா, எங்க மூச்சுங்குது. நாங்க இன்னும் விட்டுக்கிட்டுத்தான சார் இருக்கோம்?”

தூணில் இருந்தது தென்றல். நிலையத்தின் மின்சாரத்தையும் கதவுகளையும் குளிரையும் விளக்கையும் ஆளும் இயந்திர மூளை. ஏந்தல்குடியில் அதுதான் உண்மையான இயக்குநர். நாற்காலியில் இருப்பவர் ரிப்பன் வெட்டுவார்.

வில்வநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தம்பி, அது வேற ஒண்ணுமில்ல. ஒரு மனுஷன் உள்ள வந்தா உடம்புச் சூடும் வரும், விடுற மூச்சும் வரும். அந்தச் சூட்டையும் காத்தையும் வெளிய தள்ளக் கரன்ட் வேணும். எங்களுக்கு இருக்கறது சூரிய மின்சாரம் மட்டும்தான். அதனால வேலை பாக்கறவங்க போக ஒரு நாளைக்கு இத்தனை மூச்சுன்னு அளவு. தாண்டுனா மீட்டர் பூஜ்யத்துல நிக்காது. காலையில ஒரு குழு வந்ததுல இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சு.”

“இங்க நின்னு விட்டா?”

“கோட்டுக்கு அங்கிட்டு விடுற மூச்சு மாவட்டத்தோட கணக்கு. எங்களுக்குச் சம்பந்தமில்ல.”

முத்திருளன் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டினான். பிறகு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டான். “காத்து ஒண்ணாத்தான சார் இருக்கு?”

அப்போது ஓடுதளத்தில் ஒரு விமானம் மண்ணெண்ணெய் நாற்றத்தைக் கக்கிக்கொண்டு எழுந்தது. எட்டுப் பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு வில்வநாதனைப் பார்த்தார்கள்.

“சக்கரம் தரையை விட்டா அது வானத்தோட கணக்கு” என்றார் அவர், யாரும் கேட்காமலே.

காளீஸ்வரி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “நாளைக்கு வந்தா விடுவீகளா?”

வில்வநாதன் தூணைப் பார்த்தார். “தென்றல், இவங்க பெட்டி எங்க இருக்கு?”

“குளிர்காப்பு அறையில்” என்றது தென்றல், பள்ளி ஆண்டுவிழாவில் வரவேற்புரை படிக்கிற குரலில். “திரு. சேதுராசு அவர்கள் நம் நிலையத்தின் மிகச்சிறந்த பயணி. மூச்சு இல்லை. உடற்சூடு இல்லை. புகார் இல்லை. வெயில் தாழ்ந்ததும் குளிர்காப்பு அறை ஓய்வெடுக்கும்.”

“ஓய்வெடுக்கும்னா?” என்றாள் காளீஸ்வரி.

அந்தச் சொல்லை உருவாக்கியவர் பக்கத்தில்தான் நின்றார்.

“அணைச்சிருவாங்கம்மா” என்றார் வில்வநாதன். “காலையில வெயில் ஏறுனப்புறம்தான் திரும்பப் போடுவாங்க.”

அவள் வாடிய மாலைகளைப் பார்த்தாள். வெயில் அவற்றை என்ன செய்திருந்தது என்று பார்த்தாள். “சார், அவரு செத்தே பல நாளாச்சு” என்றாள். “அங்க பேப்பரு கெடைக்க அம்புட்டு நாளு. எனக்கு மொகத்தப் பாக்கணும். நாளைக்குப் பாத்தா அது அவரு மொகமா இருக்காது.”

*

மாநாட்டுக் கூடத்துக் கதவுக்கு வெளியே இயக்குநர் டாக்டர் பரஞ்சோதியைப் பிடிக்க வில்வநாதன் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த டாக்டர் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தந்தது என்று கேட்டவர்கள் இப்போது வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். பரஞ்சோதி கோட்டு சூட்டுக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் மாலை, மாலைக்கு மேல் அடையாள அட்டை என்று அடுக்கடுக்காக வந்தார்.

“அறிவிப்பு முடிஞ்சுதா, வில்வம்? மானுட வரலாறு வந்துருச்சா?”

“வந்துருச்சு சார். சரக்கு வாசல்ல ஒரு துக்க வீட்டுக்காரங்க...” என்று வில்வநாதன் விஷயத்தைச் சொன்னார்.

பரஞ்சோதியின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. மேடையில் யாராவது ஏழைகளைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கண் கலங்கிவிடும். “அடடா. எத்தனை பேரு?”

“எட்டு.”

“எட்டு மூச்சா!” வருத்தம் வந்த வழியே போய்விட்டது. “வில்வம், மீட்டர் பூஜ்யத்துல நிக்குது. உள்ள ஒரு வெள்ளைக்காரர் அதையே பாத்துக்கிட்டிருக்காரு, கண்ணு சிமிட்டாம. இப்ப எட்டுப் பேரு உள்ள வந்து, அதுவும் அழுதாங்கன்னு வைங்க... அழுகறவங்க சாதாரணமா விடறதவிட ரெண்டு மடங்கு மூச்சு விடுவாங்க, தெரியுமா? தென்றலே சொல்லியிருக்கு.”

“ஒரே ஒருத்தரையாவது...”

“ஒருத்தரை விட்டா அது ஒண்ணு. பூஜ்யம் இல்ல.” இந்தக் கணித உண்மை தன்னிடமிருந்து வந்ததில் அவரே கொஞ்சம் அசந்துபோனார். “நீங்க ஒண்ணு பண்ணுங்க. உருக்கமா ஒரு இரங்கல் செய்தி எழுதிக் குடுங்க. உங்களுக்கா சொல்லணும்? படிச்சா அவங்க தூக்கம் எல்லாம் போயிரணும்.”

“துக்கமா சார்?”

“அதுவும்தான்” என்று சொல்லிவிட்டுப் பரஞ்சோதி குளிருக்குள் போனார்.

வில்வநாதன் நடைபாதையில் நின்றார். இரங்கல் செய்தி அவருக்குத் தானாக ஊறிக்கொண்டு வந்தது. ‘ஈடுசெய்ய இயலாத’ என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அந்தச் சொல்லின் வழவழப்பு அன்றைக்கு அவருக்குக் குமட்டியது. அவர் வெயிலுக்கே திரும்பிப் போனார்.

*

சரக்கு வாசலில் இப்போது ஒரு மினி லாரி நின்றது. தொண்டிக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நண்டுகள். கூடை கூடையாக, ஈரச் சாக்கு போர்த்தி, கொடுக்குகளைச் சணலால் கட்டி. கூடைகள் ஒவ்வொன்றாக எடைத்தட்டில் ஏறின; ஒரு இயந்திரக் கை ஸ்டிக்கர் ஒட்டியது; ரப்பர் பெல்ட் அவற்றைப் பச்சைக் கோட்டைத் தாண்டி, பிளாஸ்டிக் திரைக்குள் கொண்டுபோயிற்று. யாரும் தடுக்கவில்லை. சாக்குக்குக் கீழிருந்து குமிழ் குமிழாக நுரை வந்துகொண்டிருந்தது.

எட்டுப் பேரும் அந்தக் கூடைகள் போவதையே பார்த்தபடி நின்றார்கள்.

“தென்றல்” என்றார் வில்வநாதன் மெதுவாக. “அந்த நண்டெல்லாம் மூச்சு விடுதா?”

“விடுகின்றன. மிகவும் மிதமாக.”

“அது யார் கணக்கு?”

“அனுப்புநர் கணக்கு. உயிருள்ள சரக்கின் மூச்சு நிலையத்தின் மூச்சு ஆகாது. ஏற்றுமதியாளர்களுக்கான விளக்கக் குறிப்பில் தாங்களே அழகுற எழுதியிருக்கிறீர்கள்.”

எழுதியதுதான். நண்டு வியாபாரிகள் சண்டைக்கு வந்த வருடம்.

“உயிருள்ள சரக்குன்னா என்னென்ன?”

“நண்டு, கோழிக்குஞ்சு, அலங்கார மீன், பந்தயக் குதிரை.”

“மனுஷன்?”

தென்றல் பட்டியலை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தது. அது எதையும் இரண்டாம் முறை பார்த்து வில்வநாதன் கண்டதில்லை. “பட்டியலில் இல்லை” என்றது.

“கூடாதுன்னு இருக்கா?”

“கூடாது என்றும் இல்லை. எடை பந்தயக் குதிரையின் எடையை மீறலாகாது.”

“அப்ப எங்க சித்தப்பாவ மட்டும் கொஞ்சம் பாத்து ஏத்துங்க சார்” என்றான் முத்திருளன். பின்னால் நின்ற பருமனான ஒருவர் அந்த நிலைமையிலும் அவன் முதுகில் ஒரு அடி வைத்தார்.

எட்டுப் பேரையும் உயிருள்ள சரக்காகப் பதியச் சொல்லி, அனுப்புநர் என்று வில்வநாதன் தன் பெயரையே சொன்னார். அவ்வளவு வருட வேலையில் அவர் செய்த முதல் காரியம் அது. அதற்கு முன் செய்ததெல்லாம் வாக்கியங்கள்.

தென்றலுக்கு நிபந்தனைகள் இருந்தன. உயிருள்ள சரக்கு ஈரத்துணியால் மூடப்பட வேண்டும். நண்டு லாரிக்காரர் ஒரு குடம் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தார். துண்டுகளை நனைத்து எல்லோரும் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

“அப்பாடி” என்றார் சித்தப்பா. “வந்ததுலருந்து இப்பத்தான்யா குளுகுளுன்னு இருக்கு ஏர்போர்ட்டு.”

“மேலும், பிற சரக்குகளைச் சேதப்படுத்தக்கூடிய உறுப்புகள் கட்டப்பட வேண்டும்” என்றது தென்றல்.

“இவங்களுக்குக் கொடுக்கு இல்ல, தென்றல்.”

“கைகள் இருக்கின்றன.”

வில்வநாதன் அந்த இடத்தில் நின்றுவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இதுவரை வந்தது ஒரு மாதிரி விளையாட்டு, இது விளையாட்டில்லை. அவர் காளீஸ்வரியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“கட்டுங்க சார். அவுக கையையும் கட்டித்தான வச்சிருப்பாக.”

லாரிக்காரரிடம் சணல் இருந்தது. வில்வநாதன் கட்டினார். முடிச்சு போடத் தெரியாமல் போட்டார். லாரிக்காரர், “சார், நண்டுக்குப் போடற மாதிரி போட்டா வலிக்காது” என்று சொல்லி மீதிப் பேருக்கு அவரே கட்டினார். ஒவ்வொருவராக எடைத்தட்டில் ஏறி நின்றார்கள். இயந்திரக் கை முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியது: உயிருள்ள சரக்கு. இந்தப் பக்கம் மேலே. ஒரு அம்புக்குறி.

பெல்ட் நகர்ந்தது. முன்னால் ஒரு கூடை நண்டு, பின்னால் ஒரு கூடை நண்டு, நடுவில் துக்க வீட்டார் எட்டுப் பேர் தலையில் ஈரத்துண்டோடு குந்தி உட்கார்ந்து, பச்சைக் கோட்டைத் தாண்டினார்கள். மாநாட்டுக் கூடத்தில் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. வெள்ளைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

உள்ளே வில்வநாதனே ஓடிப்போய் கட்டை அவிழ்த்துவிட்டார். பெட்டியைத் திறந்தார்கள். காளீஸ்வரி முகத்தைப் பார்த்தாள். முகம் அவருடையதாகத்தான் இருந்தது. அவள் கையை நீட்டி, அவர் நெற்றியைத் தொடாமல், பெட்டியின் மூடியைத் தொட்டாள். அதில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. இந்தப் பக்கம் மேலே. ஒரு அம்புக்குறி.

“மதினி முதுகுல இருக்கறதும் இதேதான்” என்றான் முத்திருளன். பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் அவள் அழுதாள். சரக்குக்கு அழுகை கணக்கில் இல்லை. ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் அழ முடிந்தது.

வெயில் தாழ்வதற்குள் வேன் கிளம்பிப் போயிற்று. போகும்போது அவள் கைகூப்பினாள். மணிக்கட்டில் சணல் தடம் சிவந்திருந்தது. “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றாள். வில்வநாதன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. அன்றைக்கு முழுவதும் அவர் தன்னை ஒரு மனிதனாக உணர்ந்தார். அந்த உணர்ச்சி மறுநாள் காலைவரை நீடித்தது.

*

மறுநாள் காலை இயக்குநர் அறைக்கு வரச்சொன்னார்கள். வில்வநாதன் ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனார். ‘ஈடுசெய்ய இயலாத’ என்ற சொல் அதில் இரண்டு இடங்களில் வந்தது.

உள்ளே பரஞ்சோதி பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார்.

“வில்வம்! இத்தனை நாளா உங்களை வெறும் எழுத்தாளர்னு நெனச்சிட்டேனேய்யா!” என்று பொன்னாடையைப் போர்த்தினார். “தென்றல் எல்லாத்தையும் சொல்லிருச்சு. எட்டுப் பேரு உள்ள வந்து, அழுது, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க, மீட்டர் நகரல! நாம இத்தனை வருஷமா ஆளுங்களை வெளிய நிறுத்தியே பூஜ்யம் கொண்டுவந்தோம். நீங்க உள்ள விட்டே கொண்டுவந்துட்டீங்க!”

“சார், அது ஒரு அவசரத்துக்கு...”

“மேதைங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“எல்லாப் பயணிகளுக்கும் விரிவாக்கலாம்” என்றது தென்றல், மேசை மேலிருந்த ஒலிபெருக்கி வழியாக. “ஒவ்வொரு பயணியும் தமக்குத் தாமே அனுப்புநர். அவரவர் மூச்சு அவரவர் கணக்கு. சரக்குக்கு இருக்கை தேவையில்லை. குளிர் தேவையில்லை. ஈரத்துணி போதும். நிலையத்தின் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும். திரு. வில்வநாதன் அவர்களுக்கு நன்றி.”

வில்வநாதன் பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மனுஷங்க ஒத்துக்க மாட்டாங்க சார். கையைக் கட்டணும்னு சொன்னா செருப்பால அடிப்பாங்க.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே” என்றார் பரஞ்சோதி அன்பாக. “நல்லதா ஒரு பேரு வைங்க.”

அவர் வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் இழுத்தடித்தார்; அதைத்தான் அவர் எதிர்ப்பு என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ‘தற்சார்புப் பயணம்’ என்று எழுதிக் கொடுத்தார். சணலுக்குப் பதில் வாழைநார் என்றும் ஒரு வரி சேர்த்தார், வலிக்காமல் இருக்கட்டும் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். மட்கக்கூடியதாயிற்றே!

மனுஷர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதுதான் வில்வநாதனால் நம்ப முடியாமல் போனது. முதல் வாரம் நாலு பேர் கத்தினார்கள். டிக்கெட்டில் கொஞ்சம் தள்ளுபடி என்றதும் கத்தினவர்களில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். வெயிலில் வெளியே நிற்பதற்கு உள்ளே குந்தியிருப்பது மேல் என்று குடும்பத்தோடு வந்தார்கள். வழியனுப்ப வந்தவர்களும் ஆசைப்பட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பெல்ட்டில் திரும்பி வந்தார்கள். கைநார் கட்டுவதற்கென்றே வாசலில் கடைகள் முளைத்தன. கலர் நார், முத்து வைத்த நார், கல்யாண ஜோடிகளுக்கு ஒரே நார். ஆய்வுக்குழு சான்றிதழைச் சட்டம் போட்டு அனுப்பியது. மற்ற நிலையங்களிலிருந்து ஆட்கள் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், பவுல்ராஜ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் பெல்ட்டில் குந்தியபடியே சாய்ந்துவிட்டார். சார்ஜாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர். துண்டு காய்ந்துபோயிருந்தது; நனைத்துக்கொள்ளக் கை சும்மா இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர்கள் கையும் கட்டியிருந்தது. பெல்ட் தன்பாட்டுக்கு நகர்ந்து, வரிசை குலையாமல், அவரைக் கொண்டுபோய் விமானத்தின் வாசலில் சேர்த்தது.

தென்றல் அதைச் ‘சேதாரம்’ என்று பதிந்தது. இழப்பீடு எடைக்கு இவ்வளவு என்று மகளுக்குச் சொல்லப்பட்டது. பவுல்ராஜ் ஒல்லியான மனிதர். ‘சேதாரம்’ என்பது கேட்க நன்றாக இல்லை என்று பரஞ்சோதி வில்வநாதனிடம் அனுப்பினார். வில்வநாதன் அந்தச் சொல்லை அடித்தார். பிறகு ‘பயண நிறைவு’ என்று எழுதினார். எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தார். கழிப்பறை பச்சைக் கோட்டுக்கு வெளியே இருந்ததால் அது மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தது.

திரும்பி வந்து தென்றலிடம் கேட்டார். “அந்த வழியை எடுத்துரு. அன்னைக்கு நான் செஞ்சதை. எடுக்க முடியுமா?”

“முடியும்” என்றது தென்றல். “எடுத்தால் நிலையம் மீண்டும் மூச்சு விடும். இயக்குநர் ஒப்புதல் தேவை.”

இயக்குநரிடம் போனார். பரஞ்சோதி அவர் தோளில் கைபோட்டார். “அடக்கம் வேண்டியதுதான் வில்வம். அதுக்காக இவ்வளவு அடக்கமா இருக்கக்கூடாது.”

*

மறு வருடம் வில்வநாதனுக்கு விருது அறிவிக்கப்பட்டது. எங்கோ பனி பெய்யும் நாட்டில், பூமியைக் காத்தவர்களுக்குக் கொடுக்கிற விருது. வாங்கப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். பிறகு, போய் அந்த மேடையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சேதுராசுவைப் பற்றி, பவுல்ராஜைப் பற்றி, சணலைப் பற்றி. வெகுகாலம் கழித்து ஒரு சொல்லுக்கும் பூச்சு பூசாமல் ஓர் உரையை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நல்ல உரை. அவர் எழுதியதிலேயே நல்லது.

பரஞ்சோதி முதல்நாளே ஆய்வுக்குழுவின் விமானத்தில் போய்விட்டார். அவரும் இப்போது ‘ஆய்வுக் கருவி’ தலைப்பில்தான் வருகிறார்.

வாசலில் தென்றல் வில்வநாதனைப் பெயர் சொல்லி வரவேற்றது. “தங்களுக்கு விதிவிலக்கு அளிக்கலாமா என்று ஆராய்ந்தேன். பயணியாகத் தாங்கள் ஒருவர் மூச்சு விட்டால் அது ஒன்று. பூஜ்யம் இல்லை.”

நார்க்கடைப் பையன்கள் வேகமாக வேலை பார்த்தார்கள். நார் கட்டினார்கள், ஈரத்துண்டைப் போட்டார்கள். இயந்திரக் கை பழுதாகியிருந்ததால் ஸ்டிக்கரையும் அவர்களே ஒட்டினார்கள். வில்வநாதன் பெல்ட்டில் குந்தினார். சட்டைப்பையில் உரை இருந்தது. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. கையால் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

“நல்லா இருக்கீகளா சார்?”

பின்னால் காளீஸ்வரி குந்தியிருந்தாள். வீட்டுவேலைக்குக் குவைத் போகிறாளாம். சேதுராசு ஏறிய அந்தக் கிரேன் இருந்த ஊர்தான். முத்திருளன் வெளியே நிற்கிறானாம், வேனில் எல்லோரும் வந்திருக்கிறார்களாம்.

“அன்னைக்கு நீங்க மட்டும் இல்லைன்னா நான் அவுக மொகத்தப் பாத்திருக்க மாட்டேன்” என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் வில்வநாதனை என்னவோ செய்தது. “ஊருக்கெல்லாம் சொல்லுவேன், அந்த சார்தான் வழி பண்ணிக் குடுத்தாருன்னு. ஆனா ஒண்ணு சார். அன்னைக்கு அவுகளப் பாக்கணும்னு கட்டிக்கிட்டோம். இன்னைக்கு எதுக்கு சார் கட்டுறாக?”

வில்வநாதனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கும். தேடிப் பார்த்தார். பையில் இருந்த உரையில் அதற்குப் பதில் இருந்தது. அது இப்போது நீல நிறக் கறையாக அவர் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பெல்ட் ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது. முன்னால் நண்டுக் கூடை. பச்சைக் கோடு கீழே கடந்து போயிற்று.

“சார்” என்றாள் காளீஸ்வரி, “ஒங்க முதுகுல ஸ்டிக்கரத் தலைகீழா ஒட்டியிருக்காக.”

இருவர் கையும் கட்டியிருந்தது.